ஜூன் 16, 1988: ஒரே இரவில் அகதியைச் சட்டவிரோதியாக்கிய தேதி

1988 ஜூன் 15 அன்று ஹாங்காங் கரையில் வந்து இறங்கிய வியட்நாமியர் அகதி. மறுநாள், ஜூன் 16 அன்று வந்து இறங்கியவர் சட்டவிரோதக் குடியேறி. இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கலாம். ஒரே வாரத்தில், ஒரே மாதிரியான மரப்படகில் கிளம்பியிருக்கலாம். ஒருவரின் படகுக்குக் காற்று ஒத்துழைத்தது, இன்னொருவரின் படகில் எஞ்சின் வழியில் நின்றுபோனது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் முதலாமவருக்கு அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியேறும் வாய்ப்பு இருந்தது. இரண்டாமவருக்கு முள்வேலி, விசாரணை, பிறகு பெரும்பாலும் வியட்நாமுக்கே திரும்பும் விமானம்.

அந்தத் தேதியை நிர்ணயித்தது அன்று பிரிட்டனின் ஆட்சியில் இருந்த ஹாங்காங் அரசு. வியட்நாமில் அந்த இரவில் எதுவும் மாறவில்லை. யுத்தம் தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. கிளம்பியவர்களின் பயமோ பசியோ குறையவில்லை. மாறியது வரவேற்கும் அரசின் கணக்கு மட்டுமே.

'அகதி' என்பது துன்பத்தின் பெயர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடைமுறையில் அது ஓர் அரசு தருகிற தகுதி. யாருக்குத் தருவது, எந்தத் தேதி வரை தருவது, எந்தச் சாட்சியத்தைக் கேட்பது என்பதையெல்லாம் தருகிறவர்தான் தீர்மானிக்கிறார். இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள 1975 முதல் 2000 வரையிலான வியட்நாமிய அகதிகள் வரலாற்றைவிடப் பொருத்தமான பாடம் குறைவு. அதிலும் ஹாங்காங். 25 ஆண்டுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியர் வந்து இறங்கிய சிறிய நகரம் அது. அவர்களில் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம் பேர் பிற நாடுகளில் குடியேற்றப்பட்டார்கள். 67,000க்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் கோட்டை யார் போட்டது, எப்படிப் போட்டது என்பதுதான் நம் கேள்வி.

யார் முதலில் போனார்கள்?

1975 ஏப்ரல் 30 அன்று சாய்கோன் வீழ்ந்தது. அதையொட்டி ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் வியட்நாமியரை அமெரிக்கா தன் நாட்டுக்கு அழைத்துக்கொண்டது. தென் வியட்நாம் ராணுவ அதிகாரிகள், அரசு ஊழியர்கள், அமெரிக்க நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள், அவர்களின் குடும்பங்கள் என்று அதில் பெரும்பான்மை நகரத்தவர், படித்தவர். மே 4 அன்று கிளாரா மேர்ஸ்க் என்ற டென்மார்க் நாட்டுச் சரக்குக் கப்பல், மூழ்கும் நிலையில் இருந்த ஒரு கப்பலிலிருந்து மீட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஹாங்காங் துறைமுகத்துக்கு வந்தது. வந்தவர்கள் 3,743 பேர். ஹாங்காங்கின் வியட்நாமிய வரலாறு அங்கே தொடங்குகிறது.

அடுத்த அலை 1978இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் தெற்கு வியட்நாமில் தனியார் வணிகம் ஒழிக்கப்பட்டது. வணிகத்தில் பெருமளவு இருந்தவர்கள் ஹோவா எனப்படும் சீன வம்சாவளியினர். சீனாவோடு உறவு கெட்டு 1979 பிப்ரவரியில் போரே மூண்டபோது அவர்கள் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் தரைவழியாகச் சீனாவுக்குள் போனார்கள். மற்றவர்கள் கடலில் இறங்கினார்கள். பல இடங்களில் அதிகாரிகளே தங்கம் வாங்கிக்கொண்டு படகேற்றி அனுப்பினார்கள். தங்கம் இல்லாதவர்கள் இருட்டில் திருட்டுத்தனமாகக் கிளம்பினார்கள்.

1978 டிசம்பரில் ஹூவேய் ஃபோங் என்ற கப்பல் 3,318 பேருடன் ஹாங்காங் எல்லைக்கு வந்தது. அரசு உள்ளே விட மறுத்தது. ஒரு மாதம் கழித்துத்தான் கரையிறங்க முடிந்தது. அடுத்து 1979 பிப்ரவரியில் சுமார் 2,600 பேருடன் ஸ்கைலக் வந்தது. அவர்களை நான்கு மாதத்துக்கும் மேலாகக் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். ஜூன் 29 அன்று கப்பலில் இருந்தவர்கள் நங்கூரச் சங்கிலியை அறுத்துவிட்டார்கள். கப்பல் அடித்துச் செல்லப்பட்டு லாமா தீவின் பாறையில் மோதி நின்றது. அதன் பிறகுதான் அவர்கள் கால்கள் மண்ணில் பட்டன. அந்த ஒரே ஆண்டில் ஹாங்காங்குக்கு வந்தவர்கள் 68,000க்கும் மேல்.

மலேசியா பல படகுகளைக் கடலுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. பூலாவ் பிடோங் என்ற அதன் சின்னஞ்சிறு தீவில் 1979 நடுவில் சுமார் 40,000 பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். தாய்லாந்து வளைகுடாவில் கடற்கொள்ளையர்கள் படகுகளை மறித்துக் கொள்ளையடித்தார்கள், பெண்களைச் சிதைத்தார்கள். கடலில் செத்தவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

ஜெனீவா பேரம்

1979 ஜூலை 20, 21 தேதிகளில் ஜெனீவாவில் 65 நாடுகள் கூடின. அங்கே எட்டப்பட்ட உடன்பாட்டை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: தென்கிழக்கு ஆசிய நாடுகள் கரையைத் திறந்து வைக்கும், மேற்கு நாடுகள் கதவைத் திறந்து வைக்கும். கரையில் இறங்குவோர் தற்காலிகமாகத் தங்குவார்கள், அங்கிருந்து வேறு நாடுகளுக்குப் போய்விடுவார்கள். மேற்கு நாடுகள் அதுவரை ஒப்புக்கொண்டிருந்த 1 லட்சத்து 25 ஆயிரம் இடங்கள் 2 லட்சத்து 60 ஆயிரமாக உயர்ந்தன. வியட்நாமிலிருந்தே நேரடியாக, விமானத்தில், விசாவோடு வெளியேறும் வழி ஒன்றையும் ஐ.நா. அகதிகள் ஆணையம் வியட்நாமுடன் பேசி ஏற்படுத்தியது. பின்னாட்களில் அந்த வழியாக மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள்.

இந்தப் பேரம் வேலை செய்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. கனடா 1979, 80 ஆண்டுகளில் இந்தோசீன நாடுகளைச் சேர்ந்த 60,000 பேரை ஏற்றது. அதில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பொறுப்பேற்றவர்கள் தேவாலயக் குழுக்கள், அக்கம்பக்கத்தார், நண்பர் வட்டங்கள் போன்ற சாதாரண மக்கள். 1986இல் நான்சன் பதக்கம் கனடா மக்களுக்கு வழங்கப்பட்டது. மக்கள் முன்வந்தால் அரசின் கொள்கையையே அகலப்படுத்த முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் கதவு எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை. ஏற்கெனவே உறவினர் அங்கே இருக்கிறார்களா, பழைய ராணுவத்திலோ அமெரிக்கர்களிடமோ வேலை பார்த்தவரா, மொழி தெரியுமா, தொழில் தெரியுமா என்றெல்லாம் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நோயாளிகள், தனியாக வந்த சிறுவர்கள், வெளிநாட்டில் யாரும் இல்லாத மீனவர்கள், விவசாயிகள் முகாம்களில் தேங்கினார்கள். பிரிட்டன் தன் சொந்தக் காலனியிலிருந்து 10,000 பேரை ஏற்க ஒப்புக்கொண்டது. அதற்கும் பிரதமர் மார்கரெட் தாட்சர் தயங்கினார் என்பதும், இந்தோனேசியாவிலோ பிலிப்பைன்ஸிலோ ஒரு தீவை வாங்கி எல்லோரையும் அங்கே குடியமர்த்தலாம் என்று அவர் யோசனை சொன்னார் என்பதும் 2009 இறுதியில் வெளியான அரசு ஆவணங்களில் தெரியவந்தன. ஏற்றுக்கொண்டவர்களையும் ஊருக்குச் சில குடும்பங்கள் என்று பிரிட்டன் முழுதும் பிரித்துப்போட்டார்கள். ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் சுமையாகிவிடுவார்களாம். துணையின்றி, வேலையின்றித் தவித்த குடும்பங்கள் சில ஆண்டுகளில் தாமாகவே லண்டன் போன்ற நகரங்களுக்கு நகர்ந்து ஒன்று சேர்ந்தன. மக்களுக்குத் தங்கள் தேவை தெரியும்.

'மனிதாபிமானத் தடுப்பு'

மேற்கு நாடுகள் எடுத்துக்கொள்ளும் எண்ணிக்கை குறையத் தொடங்கியதும் கரை நாடுகளும் இறுக்கத் தொடங்கின. 1982 ஜூலை 2 முதல் ஹாங்காங்கில் வந்திறங்கும் அகதிகள் மூடிய முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதற்கு முன் வந்தவர்கள் வெளியே போய் வேலை செய்யலாம். பின்னர் வந்தவர்கள் வேலியைத் தாண்டக் கூடாது. சி மா வான், ஹெய் லிங் சாவ் முகாம்களை நடத்தியது சிறைத்துறை.

இந்தக் கொள்கைக்கு வைத்த பெயர் 'மனிதாபிமானத் தடுப்பு'. உள்ளே இருப்பவர்களின் வாழ்க்கையை வறட்சியாக்கினால் அந்தச் செய்தி வியட்நாம் வரை போகும், வர நினைப்பவர்கள் வர மாட்டார்கள் என்பது அதன் கணக்கு. அதாவது, உள்ளே இருக்கும் குழந்தையின் வாழ்க்கை இன்னும் வராத ஒருவருக்கான எச்சரிக்கைப் பலகை. கொள்கை ஆவணங்களில் 'தடுப்பு' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் யாருடைய உடலைக் கொண்டு யாரைத் தடுக்கிறார்கள் என்று கேட்டுப் பழகுவோம்.

தேதி விழுந்தது

1987இல் ஹாங்காங்குக்கு வந்தவர்கள் சுமார் 3,400 பேர். 1988இல் அது 18,000ஐத் தாண்டியது. வந்தவர்களும் மாறியிருந்தார்கள். ஹைஃபோங், குவாங் நின் போன்ற வடக்குப் பகுதிகளின் மீனவர்களும் விவசாயிகளும் அதிகம். வடக்கிலிருந்து வருபவர் கம்யூனிஸ்ட் ஆட்சியால் துன்புறுத்தப்பட்டவராக இருக்க முடியாது, பிழைப்புக்காகத்தான் வருகிறார் என்பது பொதுக் கருத்தாக இருந்தது.

1988 ஜூன் 16 முதல் வருபவர்கள் அனைவரும் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்படுவார்கள் என்றும், அகதி என்று தாங்களே நிரூபித்தால் மட்டுமே அகதி என்றும் ஹாங்காங் அரசு அறிவித்தது. இதை வியட்நாமிய மொழியில் வானொலியில் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார்கள். 'இன்று முதல்' என்று பொருள்படும் அதன் தொடக்கச் சொற்கள் ஹாங்காங் மக்களின் காதில் 'பத் லவ் துங் லாய்' என்று விழுந்தன. அர்த்தம் தெரியாமலே அது நகரமெங்கும் பரவியது. கடைசியில் வியட்நாமியரைக் கேலி செய்யும் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. ஓர் அரசாணையின் முதல் வரி ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராகிப்போனது.

ஓராண்டு கழித்து, 1989 ஜூன் 13, 14 தேதிகளில் ஜெனீவாவில் மீண்டும் ஒரு மாநாடு. 'விரிவான செயல்திட்டம்' அங்கே ஏற்கப்பட்டது. ஹாங்காங்கின் வழி எல்லா நாடுகளின் வழியானது. மலேசியா, தாய்லாந்துக்கு 1989 மார்ச் 14 வெட்டுத் தேதி. பிலிப்பைன்ஸுக்கு மார்ச் 21. தேதிக்கு முன் வந்தவர்களுக்கு மறுகுடியேற்றம். பின் வந்தவர்களுக்கு விசாரணை. தேறியவர்களுக்கு மூன்றாம் நாடு, தேறாதவர்களுக்குத் தாய்நாடு.

விசாரணையின் அளவுகோல் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். அந்த உடன்படிக்கையை பிரிட்டன் ஹாங்காங்குக்கு நீட்டிக்கவே இல்லை என்பது தனிக் கதை. பசி இந்த ஐந்தில் இல்லை. ஆகவே 'பொருளாதாரக் குடியேறி' என்ற பெட்டிக்குள் பெரும்பாலோரைப் போட முடிந்தது.

இந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். வியட்நாம் ஏன் அவ்வளவு ஏழ்மையில் இருந்தது? பல்லாண்டு யுத்தம், குண்டுவீச்சு, நச்சுத்தெளிப்பு. 1975க்குப் பின் அமெரிக்காவின் வணிகத் தடை. அது 1994 பிப்ரவரியில்தான் நீங்கியது. வியட்நாம் 1978 இறுதியில் கம்போடியாவுக்குள் நுழைந்த பிறகு பிற மேற்கு நாடுகளும் உதவியை நிறுத்தின. வியட்நாம் அரசின் சொந்தக் கொள்கைகளும் வறுமையைப் பெருக்கின. ஒரு நாட்டின் கழுத்தை நெரிக்கும் தடையில் பங்கெடுத்துக்கொண்டே, அங்கிருந்து ஓடிவந்தவரைப் பார்த்து 'நீ வெறும் பிழைப்புக்காக வந்தவன்' என்று சொன்னார்கள்.

இன்னொன்றும் உண்டு. வியட்நாமில் ஒவ்வொருவருக்கும் 'லி லிச்' எனப்படும் குடும்பப் பின்னணிப் பதிவு இருந்தது. பாட்டன் என்ன செய்தான், தகப்பன் யாருக்கு வேலை பார்த்தான் என்பதெல்லாம் அதில் இருக்கும். பழைய ஆட்சியின் ராணுவத்தில் இருந்தவரின் மகன் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் பல்கலைக்கழகக் கதவு திறக்காது, நல்ல வேலை கிடைக்காது. படகில் வந்தவர்கள் இதைச் சொன்னபோது, இது பாகுபாடுதான், துன்புறுத்தல் ஆகாது என்று விசாரணை அதிகாரிகள் பலமுறை தள்ளிவிட்டார்கள். பிறந்த வீட்டைக் காரணம் காட்டிக் கதவு மூடப்படுவது எத்தகைய துன்புறுத்தல் என்று இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்களுக்கு அது புரியவில்லை.

ஹாங்காங்கில் விசாரிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மட்டுமே அகதி எனத் தேறினார். வேறு சில நாடுகளில், குறிப்பாக இந்தோனேசியாவில், லஞ்சம் கொடுத்தவர் தேறினார் என்ற குற்றச்சாட்டுகள் பலமாக எழுந்தன. தனியாக வந்த சிறுவர்களின் 'சிறந்த நலன்' என்ன என்று முடிவுசெய்யத் தனிக் குழுக்கள் அமைத்தார்கள். அந்த முடிவுக்குக் காத்திருந்தே பல சிறுவர்கள் முகாமில் வளர்ந்து பெரியவர்களானார்கள்.

'தன்விருப்பம்' என்ற சொல்

1989 மார்ச்சில் 75 பேர் தாமாக விரும்பி ஹாங்காங்கிலிருந்து திரும்பினார்கள். அந்த வேகம் அரசுக்குப் போதவில்லை. டிசம்பர் 12 அன்று விடியும் முன், தலைக்கவசமும் தடியும் ஏந்திய காவலர்கள் 51 பேரை எழுப்பி, வண்டியேற்றி, ஹனோய் செல்லும் விமானத்தில் ஏற்றினார்கள். அந்த 51 பேரில் 26 பேர் குழந்தைகள்.

உலகம் முழுதும் கண்டனம் எழுந்தது. அமெரிக்காவும் கண்டித்தது. அதே அமெரிக்கா 1981 முதல் ஹைதியிலிருந்து படகில் வந்த கறுப்பின மக்களை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பகை நாட்டிலிருந்து ஓடிவந்தவர் அகதி, நட்பு நாட்டிலிருந்து ஓடிவந்தவர் ஊடுருவல்காரர். பனிப்போரின் அகதிக் கொள்கையை இந்த இரண்டு கடல்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

கண்டனத்துக்குப் பிறகு கட்டாயத் திருப்பியனுப்பல் கொஞ்சகாலம் நின்றது. நின்ற காலத்தில் புதிய சொல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 1990 செப்டம்பரில் பிரிட்டன், ஹாங்காங், வியட்நாம், ஐ.நா. அகதிகள் ஆணையம் சேர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. விரும்பித் திரும்புபவர், மறுப்பவர் என்ற இரண்டுக்கும் நடுவே, 'விரும்பவில்லை, ஆனால் ஆட்சேபிக்கவும் இல்லை' என்ற மூன்றாவது வகை பிறந்தது. பெட்டி படுக்கையைக் கட்டச் சொல்லும்போது வாய் திறக்காதவர் சம்மதித்தவர். 1991 அக்டோபரில் அந்த வகையும் தேவைப்படாமல் போனது. 'ஒழுங்கான திருப்பியனுப்பும் திட்டம்' என்ற பெயரில் எல்லோரையும் அனுப்ப வியட்நாம் ஒப்புக்கொண்டது. போக மறுத்தவர்கள் தூக்கிச் சென்று விமானத்தில் ஏற்றப்பட்டார்கள்.

முகாம்களுக்குள் கல்வி, வேலை, ஆலோசனை போன்ற சேவைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. வசதி இருந்தால் தங்கிவிடுவார்கள் என்பது காரணம். திரும்பிப் போனவர்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் ஆளுக்கு 240 முதல் 360 டாலர் வரை தவணைகளாகத் தந்தது. ஒரு பக்கம் சேவையைக் குறைப்பது, இன்னொரு பக்கம் பணத்தைக் காட்டுவது, நடுவில் நிற்பவர் கையெழுத்திட்டால் அதற்குத் 'தன்விருப்பம்' என்று பெயர். சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஒரு முகாமில் நாம் நடத்தும் வகுப்பும் ஆலோசனையும் யாருக்காக என்ற கேள்வி சிறியதல்ல. அரசு நினைத்தால் நம் சேவையே அழுத்தம் தரும் கருவியாகிவிடும்.

வேலிக்குள்ளே

1991இல் ஹாங்காங் முகாம்களில் 60,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். மிகப் பெரியது வைட்ஹெட். தகரக் கொட்டகைகளில் மூன்றடுக்குப் பலகைக் கட்டில்கள், ஒரு தட்டுக்கு ஒரு குடும்பம், மறைப்புக்கு ஒரு துணி. அந்தப் பலகையில் பிறந்து, அதே பலகையில் பேசக் கற்ற குழந்தைகள் உண்டு. அவர்கள் செய்த குற்றம் என்ன என்று எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை.

அடைத்துவைத்த இடத்தில் என்ன நடக்குமோ அது நடந்தது. 1992 பிப்ரவரியில், புத்தாண்டு நேரத்தில், ஷேக் கோங் முகாமில் வடக்கு, தெற்கு வியட்நாமியருக்கு இடையே சண்டை மூண்டு கொட்டகைக்குத் தீ வைக்கப்பட்டது. 24 பேர் இறந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் எப்போதும் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அது உண்மையல்ல. வெளியேறும் வாசல் குறுகக் குறுக, உள்ளே இருப்பவர்களின் பழைய பகைகள் கூர்மையாகின்றன.

எதிர்ப்பும் இருந்தது. உண்ணாவிரதம், ஊர்வலம், கூரைமேல் ஏறிப் பதாகை பிடித்தல். 1994 ஏப்ரலில் வைட்ஹெட்டில் சுமார் 1,500 பேரை வேறு முகாமுக்கு மாற்ற நடந்த நடவடிக்கையில் 500க்கும் மேற்பட்ட கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசினார்கள். உள்ளே குழந்தைகளும் இருந்தார்கள். 1996 மே மாதம் அதே வைட்ஹெட்டில் கலவரம் வெடித்து, கட்டடங்களும் வண்டிகளும் எரிந்தன, நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலி தாண்டி ஓடினார்கள்.

நீதிமன்றத்திலும் ஒரு கதவு திறந்தது. 1983இல் இங்கிலாந்துச் சிறையில் நாடுகடத்தலுக்காகக் காத்திருந்த ஓர் இந்தியரின் வழக்கில், அனுப்புவதற்குத் தேவைப்படும் நியாயமான காலம் வரைதான் ஒருவரை அடைத்துவைக்கலாம், அனுப்ப வாய்ப்பே இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்து, தை ஆ சாவ் தீவில் அடைக்கப்பட்டிருந்தவர்களுக்காக வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்க வியட்நாம் தயாராக இல்லை. போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. 1996 மார்ச்சில் லண்டன் பிரிவி கவுன்சில் அவர்களின் காவல் சட்டவிரோதமானது என்று சொல்லி விடுவிக்க உத்தரவிட்டது. ஒருவரின் வழக்கு பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து, வேறொரு கடலோரத்தில், முன்பின் அறியாதவர்களுக்குச் சாவியானது. சட்டப் போராட்டம் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் தோழர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

மறுபக்கத்தின் வாதம்

திருப்பியனுப்பியதை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1991இல் ஹாங்காங்குக்கு வந்தவர்கள் 20,000 பேர். கட்டாயத் திருப்பியனுப்பல் தொடங்கிய பின், 1992இல் வந்தவர்கள் 12 பேர். கடலில் சாவதும் குறைந்தது. செயல்திட்டத்தின் கீழ் எல்லா நாடுகளிலிருந்தும் சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் பேர் வியட்நாம் திரும்பினார்கள். அவர்களை ஐ.நா. ஆணையம் தொடர்ந்து கண்காணித்தது. திட்டமிட்ட பழிவாங்கல் நடக்கவில்லை என்று அது சொன்னது. வியட்நாமின் பொருளாதாரமும் 1986க்குப் பின் மெல்லத் திறந்துகொண்டிருந்தது.

ஹாங்காங் மக்களின் ஆத்திரத்துக்கும் காரணம் இருந்தது. சீனாவிலிருந்து எல்லை தாண்டி வரும் அவர்களின் சொந்த உறவினர்கள் 1980 அக்டோபருக்குப் பின் உடனுக்குடன் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள முடியாத தொழிலாளி, வியட்நாமியருக்கு மட்டும் ஏன் முகாம் என்று கேட்டான். ஐ.நா. ஆணையம் ஹாங்காங்குக்குத் தர வேண்டிய முகாம் செலவு 100 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல் பாக்கி நின்றது. 1997 ஜூலை 1 அன்று ஹாங்காங்கை ஏற்பதற்கு முன் முகாம்களைக் காலி செய்துவிட வேண்டும் என்று சீனா வலியுறுத்தியது.

இதெல்லாம் உண்மை. ஆனால் இதில் எதுவும் படகில் வந்தவர் அகதியா இல்லையா என்ற கேள்விக்கான பதில் அல்ல. செலவு, அண்டை நாட்டின் கெடு, உள்ளூர் ஆத்திரம் எல்லாம் அரசின் பிரச்சினைகள். அவற்றைத் தீர்ப்பதற்காக, வந்தவரின் வரலாற்றையே மாற்றி எழுதினார்கள். நமது எதிர்ப்பு அங்கேதான். 'எங்களால் முடியவில்லை' என்று சொல்வது ஒன்று. 'நீ அகதியே அல்ல' என்று சொல்வது வேறொன்று. அமெரிக்காவே இதை ஒருவிதத்தில் ஒப்புக்கொண்டது. 1996இல் அறிவித்த ஒரு திட்டத்தின்படி, முகாம்களிலிருந்து திரும்பியவர்களை வியட்நாமிலேயே மீண்டும் நேர்காணல் செய்து, ஆயிரக்கணக்கானோருக்குக் குடியேற்ற அனுமதி தந்தது. முதல் விசாரணை அவ்வளவு சரியாக இருந்திருந்தால் இரண்டாவதற்குத் தேவையே இருந்திருக்காது.

வேறு வழி இல்லையா?

இருந்தது. தரைவழியாகப் போன இரண்டரை லட்சம் பேரைச் சீனா தன் தெற்கு மாகாணங்களின் அரசுப் பண்ணைகளில் குடியமர்த்தியது. குடியுரிமை தரவில்லை, ஆனால் முள்வேலிக்குள் வைக்கவும் இல்லை.

பிலிப்பைன்ஸில் 1996 பிப்ரவரியில் பலவான் தீவிலிருந்து கட்டாய விமானம் ஒன்று கிளம்பியது. உள்ளூர் மக்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்த்து எழுந்தார்கள். அரசு பின்வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஆயர் பேரவையோடு ஒப்பந்தம் போட்டு, எஞ்சியிருந்தவர்களைத் தங்க அனுமதித்தது. புவேர்ட்டோ பிரின்செசா நகருக்கு வெளியே 'வியட்வில்' என்ற குடியிருப்பு எழுந்தது. 'இனிமேல் ஒருநாளும் இடமில்லை' என்று சொல்லப்பட்ட இடத்தில் ரொட்டி சுட்டு விற்றும் நூடுல்ஸ் கடை வைத்தும் மக்கள் பிழைத்தார்கள். பணக்கார ஹாங்காங்கால் முடியாதது, அதைவிடப் பல மடங்கு ஏழை நாட்டால் முடிந்தது.

கடைசியில் ஹாங்காங்காலும் முடிந்தது. 1998 ஜனவரியில், வருபவர்களுக்குத் தஞ்சம் தரும் பழைய கொள்கையை அது அதிகாரபூர்வமாகக் கைவிட்டது. ஆனால் யாரும் ஏற்காத, எங்கும் அனுப்ப முடியாத சுமார் 1,400 பேர் மிச்சம் இருந்தார்கள். 2000 பிப்ரவரியில், அவர்கள் ஹாங்காங்கிலேயே வாழலாம் என்று அரசு அறிவித்தது. அகதி எனத் தேறியவர்களும், தேறாதவர்களும், இருவருமே. சில மாதங்களில் கடைசி முகாமான பில்லர் பாயின்ட் மூடப்பட்டது. நகரம் மூழ்கிவிடவில்லை. 1988இல் போட்ட கோட்டை 2000இல் அதே அரசு நிர்வாகம் சத்தமில்லாமல் அழித்தது. நடுவில் போன 12 ஆண்டுகள் யாருடையவை?

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து, எந்த அகதிக் கொள்கையைப் படிக்கும்போதும் கேட்க வேண்டிய சில கேள்விகளை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

தேதி எங்கிருந்து வந்தது? மக்கள் ஓடிவந்த காரணத்திலிருந்தா, ஆள்பவரின் வசதியிலிருந்தா?

நிரூபிக்கும் சுமை யார் தலையில்? நடுக்கடலில் எல்லாவற்றையும் இழந்தவரிடம் காகிதம் கேட்பவர், தன்னிடம் உள்ள காகிதங்களைக் காட்டுகிறாரா?

மேல்முறையீடு யாரிடம்? முதல் முடிவை எடுத்த அதே துறையிடமா, சுதந்திரமான ஒருவரிடமா? வழக்கறிஞர் உண்டா, மொழிபெயர்ப்பாளர் உண்டா?

'விரும்பிப் போனார்' என்கிறார்களா? போகாமல் இருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் விருப்பத்தின் அளவு இருக்கிறது.

'பொருளாதாரக் குடியேறி' என்கிறார்களா? அந்தப் பொருளாதாரத்தை உடைத்தவர்கள் யார் யார் என்று பட்டியலிடுங்கள்.

வியட்நாமிலிருந்து படகில் கிளம்பிக் கரை சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 8 லட்சம் பேர். பெரும்பாலோர் எங்கோ ஓரிடத்தில் வாழ்க்கையை மீண்டும் கட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்து இந்த வரலாற்றை வெற்றிக் கதை என்று எழுதுபவர்கள் உண்டு. வெற்றி அந்த மக்களுடையது. வெட்டுத் தேதி போட்டவர்களுக்கு அதில் பங்கு கொடுக்க வேண்டியதில்லை.